காற்று போகும் திசை

காய்ச்சல் கண்ட குழந்தையை, காற்றை ஒரே திசையில் ஓடவிடும் விசிறியும் கைவிடத் திறப்பும் உள்ள கண்ணாடிப் பெட்டிக் கட்டிலில் படுக்கவைப்பது எல்லா வீட்டிலும் வழக்கமாகிவிட்டிருந்தது. ஆய்வகத்தில் வருடக்கணக்காகக் கிருமிகளோடு புழங்கிய வசுமதியும் மகளுக்கு ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.

"யாருக்கும்மா பாதுகாப்பு வேணும்? வெளிய இருக்கறவங்களுக்கா, உள்ள இருக்கறவங்களுக்கா, ரெண்டு பேருக்குமா?" என்று கடைக்காரர் போனில் கேட்டார்.

"வெளிய இருக்கறவங்களுக்கு" என்று வேலைப் பழக்கத்தில் சொல்லிவிட்டாள். ஆய்வகத்துப் பெட்டிகளுக்குள் இருப்பது கிருமிதானே.

மறுநாள் கஞ்சி ஊட்டக் கையை உள்ளே நீட்டினாள். மகள் இதழினி போர்வையிலிருந்து ஒரு நூலைப் பிய்த்துத் திறப்பில் பிடித்தாள். நூல் உள்பக்கமாகப் பறந்தது.

"அம்மா, காத்து உன்கிட்டேருந்து என் பக்கம் வருது. என் கிருமி வெளிய வராது. அப்போ இது உன்னைக் காப்பாத்தற பெட்டிதானே? ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

வெளியிலிருந்து இன்னொரு தொற்று வந்தால் இவள் உடம்பு தாங்காது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். வசுமதிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"தப்பா சொல்லிட்டேன் கண்ணு. இப்பவே மாத்தச் சொல்றேன்."

"பரவால்லம்மா. என்கிட்டேருந்து உனக்கு ஒட்டிக்குமோன்னுதான் பயந்துட்டிருந்தேன்" என்று சிரித்து வாயைத் திறந்தாள்.

காலையிலிருந்தே கரகரத்த வசுமதியின் தொண்டையில் இருமல் முட்டிக்கொண்டு வந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு அடுத்த வாயை ஊட்டினாள்.