காளியாயி வீட்டுப் புகைபோக்கி

காலையிலேயே கூரைமேல் தகரம் இடிபடும் சத்தம். நாகலெட்சுமி அடுப்பில் உலையை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பக்கத்து வீட்டுக் கூரையில் காளியாயி நின்றிருந்தாள். கம்பு நுனியில் சாக்கைக் கட்டி, புகைபோக்கிக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, கோபுரத்துக்குக் கும்பாபிஷேகமா?"

"கரி சேந்திருச்சுக்கா. அப்பிடியே விட்டா குழாயிலயே தீப்புடிக்குமாம்."

காதுத் தோட்டை விற்றுப் புகைபோக்கி வைத்தவள் பூண்டுலோயாவிலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். புதிதாக டீவி வாங்கிய வீட்டுக்குப் போவதுபோல் லயத்து வரிசை வீடுகளின் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாகலெட்சுமி மட்டும் போகவில்லை.

"உனக்கு எதுக்குடி இதெல்லாம்?" என்று அப்போதே கேட்டிருந்தாள்.

"புகை புள்ளைக்கு ஆகாதாமேக்கா."

எந்தப் பிள்ளைக்கு? காளியாயிக்குப் பிள்ளையே இல்லை. மூச்சிழுப்போடு கிடக்கிற மகன் திலக்ஷனை வைத்துக்கொண்டு நாகலெட்சுமி புகையில் வேகிறாள், அவளுக்குப் புகைபோக்கி!

"புள்ள இல்லாதவளுக்கு வந்த பவுச பாத்தீங்களா?" என்று பீலிக்குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது சொல்லிச் சிரித்தாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அப்படியும் வயிறு எரிந்தது.

இப்போது கரித்தூள் பறந்துவந்து, காயப்போட்டிருந்த திலக்ஷனின் சட்டையில் விழுந்தது. அது போதுமாக இருந்தது.

"எறங்குடி கீழ! ஒன் அடுப்பு லட்சணத்த நானும் பாக்குறேன்!"

விறுவிறுவென்று காளியாயி வீட்டுக்குள் நுழைந்தாள். நுழைந்ததும் கண் எரிந்தது. வீடெல்லாம் புகை.

"அடுப்ப அணைக்காமலா கரி தட்டுற?" பின்னாலேயே ஓடிவந்த காளியாயியிடம் கத்தினாள்.

"நேத்தே அணைச்சாச்சுக்கா. வேணும்னா தொட்டுப் பாருங்க."

தொட்டுப் பார்த்தாள். சாம்பல் அள்ளித் துடைத்த அடுப்பு சில்லென்றிருந்தது.

"அப்ப இந்தப் புகை?"

காளியாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நாகலெட்சுமி நிமிர்ந்து பார்த்தாள். லயத்தில் எந்த நடுச்சுவரும் கூரையைத் தொடுவதில்லை. சுவருக்கு மேலிருந்த அந்த இடைவெளி வழியாக, அவள் மூட்டிவிட்டு வந்த ஈரவிறகின் புகை இந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கம் திலக்ஷன் இருமினான்.

"எம் புகையெல்லாம் இங்கதான் வருதா?" நாகலெட்சுமியின் குரல் இறங்கியது. "அப்பறம் எதுக்குடி தோட்ட வித்து அத வச்ச?"

"எம் புகையும் அங்கதானேக்கா வந்துச்சு. ரெண்டு வீட்டுப் புகைய அந்தச் சின்ன நெஞ்சு தாங்குமா?"