போயிட்டு வரேன்

டிக்கெட்டைத் தேடி ஜாக்கெட் பைக்குள் கை விட்டாள். சாவி வந்தது.

கனமான பழைய இரும்புச் சாவி. தலையில் நீல நூல் கட்டியிருந்தது. அவள் தங்கியிருந்த லூர்திஷ் வீட்டுத் தெருக்கதவின் சாவி. காலையில் கிளம்பும்போது கொடுக்க மறந்திருக்கிறாள்.

பஸ் வந்து நின்றது. டிரைவர் அவளையும் அவள் முதுகில் ஏறியிருந்த மூட்டையையும் பார்த்தார். இல்லை என்று கையை ஆட்டினாள். அடுத்த பஸ் மதியத்துக்கு மேல்தான்.

உனக்கு நல்லா வேணும் என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

போர்ச்சுகல் கடலோரமாகவே வடக்கிலிருந்து தெற்கே. தனியாக, மலிவாக. அதுதான் திட்டம்.

மலிவு என்றால் ரொட்டியும் வாழைப்பழமும். அது கிளம்பும்போதே தெரியும். தனியாக என்றால் என்ன என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. அவ்வளவு பெரிய அலையைப் பார்த்து "அடேயப்பா" என்றால், திரும்பிப் பார்க்கக்கூட ஆள் கிடையாது.

லூர்திஷ் ஒருத்திதான் சிரித்தாள்.

இந்த மீன்பிடி ஊரில் மாடியறையை வாடகைக்கு விடுகிறவள். தனியாள். இவளைவிடப் பத்து வயது மூத்திருக்கலாம். ஆங்கிலம் நாலு சொல் தெரியும். வந்த அன்று சாவியைக் கொடுத்து, "ஷாவ்" என்றாள்.

"சாவி," என்றாள் இவள்.

லூர்திஷ் ஜன்னலைத் திறந்து காட்டி, "ஜனேலா" என்றாள்.

"ஜன்னல்!"

இரண்டு பேரும் படியில் நின்று சிரித்தார்கள். எந்தக் காலத்திலோ இங்கிருந்து கப்பலேறி, நம் ஊருக்கு வந்து, அங்கேயே குடும்பம் நடத்திவிட்ட சொற்கள்.

மூன்றாவது சொல் கிடைக்கவில்லை. பேச்சு அதோடு நின்றது.

இன்று காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றபோது, பழக்கதோஷம், வாய் தானாக ஆங்கிலத்தில் சொன்னது.

"ஐ வில் கோ அண்ட் கம்."

வேறு எப்படிச் சொல்வது? போறேன் என்று சொல்லிவிட்டு வாசற்படி தாண்டுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. திரும்பி வருகிற உத்தேசமே இல்லாவிட்டாலும் போயிட்டு வரேன்தான்.

அவளுக்குத் தெரிந்து ஒரே ஒருவன் அப்படிச் சொல்லவில்லை. அவள் கணவன். பெட்டியோடு வாசலில் நின்று, "சரி, நான் போறேன்" என்றான்.

சொன்னபடியே போனான்.

இந்தப் பயணத்துக்காக வீட்டைப் பூட்டியபோது, போயிட்டு வரேன் வாய் வரை வந்தது. உள்ளே யாரும் இல்லை. வீணாக்க மனமில்லாமல் கீழே இறங்கி வாட்ச்மேனிடம் சொன்னாள். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

மேட்டுச் சந்தில் மூச்சு வாங்கியது. கதவருகே சாவியை வைத்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

கதவு தாழிடாமல் சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே சூப் வாசனை. சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டுகள். இரண்டு கரண்டிகள்.

அடுப்படியிலிருந்து லூர்திஷ் திரும்பினாள். முகத்தில் கொஞ்சம்கூட ஆச்சரியம் இல்லை.

"யூ சே, கோ அண்ட் கம்," என்றாள். "யூ கம்."

பிறகு தட்டுகளைக் காட்டி, உட்காரச் சொல்லி, "மேசா" என்றாள்.

மேசை.

அவள் மூட்டையைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். சாவியைக் கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கீரையும் உருளைக்கிழங்கும் போட்ட சூப். உப்பு ஒரு கல் குறைவு. தனக்கென்று ஒருத்தி அடுப்பில் வைத்துக் காத்திருந்த சூப். கண் நிறைந்துவிட்டது. ஆவி பட்டதுபோலத் துடைத்துக்கொண்டாள். லூர்திஷ் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

ஆனால் போகத்தான் வேண்டும். தெற்கே அடுத்த ஊரில் படுக்கைக்குச் சொல்லியாகிவிட்டது. அங்கிருந்து விமானம். இந்தப் பக்கம் இனி எந்த ஜென்மத்தில்?

மூட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். லூர்திஷ் கையைத் துடைத்தபடியே பின்னால் வந்தாள். புதிதாகக் கற்றுக்கொண்டதைச் சரிபார்க்கிறவளாக, ஆசையோடு கேட்டாள்.

"கோ அண்ட் கம்?"

ஆமாம் என்று சொல்வது எவ்வளவு சுலபம். சொன்னால் லூர்திஷ் சாயங்காலமும் இரண்டு தட்டு வைப்பாள். நாளைக்கும் வைப்பாள். கதவைத் தாழிடாமல் சும்மா சாத்தி வைப்பாள். அப்படிச் சாத்தி வைத்த கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று இவளுக்குத் தெரியும்.

அவனும் அன்று வாசலில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அதற்குப் பிறகுதான் சொன்னான். இத்தனை நாளில் இப்போதுதான் அது ஞாபகத்துக்கு வந்தது.

"ஐ கோ," என்றாள்.

சொன்னவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லூர்திஷ் அவள் முகத்தையே பார்த்தாள். கம் வருமா என்று பார்த்தாள். பிறகு மெல்லத் தலையாட்டினாள். கையை நீட்டினாள்.

"ஷாவ்."

அது புரிந்தது.

ஜாக்கெட் பைக்குள் கை விட்டாள். நூல் விரலில் சுற்றிக்கொண்டது. சாவி கிடைத்துவிட்டது.

கீழே, கடற்கரைச் சாலையில், பஸ் ஹாரன் அடித்தது.

கை வெளியே வரவில்லை.