உள்ளானின் நாடு எது?

பறவைகளை வலைக்காரர்களிடமிருந்து காப்பாற்றும் சங்கத்துக்கு மைனாதான் இணையதளம் அமைத்தது. ஏழெட்டு நாடுகள், அதற்கு மேல் மொழிகள். திறப்பு விழா அன்று ஏரிக்கரை மரத்தில் திரையைக் கட்டியது.

சங்கத் தலைவர் கொக்கு ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தது.

"முதலில் நாட்டைக் கேள். பிறகு மொழியைக் கேள். அதற்கப்புறம்தான் எச்சரிக்கை. ஒரு நாட்டுச் செய்தி இன்னொரு நாட்டுப் பக்கத்தில் வந்தால் கிளைச் சங்கங்கள் என்னைக் கிழித்துவிடும்."

"அவசரமாக வருகிறவர்களுக்கு, ஐயா?"

"அவசரம் என்றால் ஒழுங்கு வேண்டாமா?"

முதல் ஆளாக ஓர் உள்ளான் வந்து இறங்கியது. கடல் தாண்டி வந்த களைப்பில் அதற்கு இறக்கை மடங்கவில்லை.

"அக்கா, இந்த ஏரியில் வலை இருக்கிறதா?"

உங்கள் நாடு எது என்று திரை கேட்டது.

உள்ளான் விழித்தது. "முட்டையிலிருந்து வெளிவந்தது வடக்கே, பனியில். குளிர்காலத்துக்கு இங்கே. நடுவில் மூன்று நாட்டில் தங்குவேன். எதைச் சொல்ல?"

"ஏதாவது ஒன்றைச் சொல்லேன்," என்றது மைனா. தென்கரை நாணலில் வலை விரித்திருப்பது அதற்குத் தெரியும். சொல்ல வாயெடுத்து, கொக்கின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டது.

"தொண்டை வறள்கிறது. குடித்துவிட்டு வந்து யோசிக்கிறேன்," என்று உள்ளான் தென்கரைக்குப் பறந்தது.

சற்று நேரத்தில் நாணலுக்குள் ஒரு கத்தல் கேட்டு அடங்கியது.

கொக்கு உற்சாகமாகத் திரையருகே வந்தது.

"முதல் வருகை! எந்த நாட்டில் சேர்த்தாய்?"