நான்காவது வரிசை

கணவருக்கு நான்காவது வரிசை. அவளுக்கு இருபத்தாறாவது.

நடுவில் அத்தனை வரிசைத் தலைகள்.

கஞ்சத்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று அவள் பல்லைக் கடித்தாள். இருப்பதிலேயே மலிவான விமானம். சாயாத இருக்கை, முட்டி இடிக்கிற இடைவெளி, குடிக்கிற தண்ணீருக்குக்கூட விலை. சரி, போகட்டும். பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டுமானால் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். அதைக் கட்ட மனசு வராமல், “மெஷின் போட்ட இடத்துல உக்காரு” என்று சொல்லிவிட்டு மனுஷன் முன்னால் போய்விட்டார்.

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். சில்லறைக்காக ஊரைக் கூட்டுகிற ஆள்.

மூன்று மணி நேரப் பயணம். மகள் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். இந்த நேரத்தில்கூடவா இப்படி?

காலடியில் இருந்த பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நேற்று சாயங்காலம் மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. மாடிப்படியில் வழுக்கி விழுந்துவிட்டாளாம், தொடை எலும்பாம், ஆபரேஷனாம். பேசிவிட்டு வந்து கணவர்தான் சொன்னார். அவள் அப்போதே தையல் மெஷினில் உட்கார்ந்தாள். புதுப் பைஜாமா ஒன்றில் ஒரு பக்கத் தையலை இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பிரித்து, நாடா வைத்துத் தைத்தாள். மாவுக்கட்டுப் போட்ட காலை நுழைக்கச் சிரமப்படக் கூடாதே.

காலையில் கவுண்டரில் பை இரண்டு கிலோ கூடுதல் என்றார்கள். அவர் வாக்குவாதம் செய்யவில்லை. தன் சட்டைகளையும் பேண்ட்டையும் எடுத்து அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டார். மகளுக்கென்று அவள் எடுத்துவைத்த ஒன்றையும் தொடவில்லை.

அந்த ஒரு விஷயத்தில் குறை சொல்ல முடியாது. மகள் என்றால் உருகிப்போவார்.

பக்கத்தில் இருந்த தடித்த மனிதர் அவளுடைய முணுமுணுப்பைக் கேட்டிருக்க வேண்டும். தான் முன்னால் போய்விடுவதாகவும், அவரை இங்கே வரச் சொல்லும்படியும் சொன்னார். தனக்கும் கால் நீட்டக் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்று சிரித்தார்.

பெல்ட் விளக்கு அணைந்ததும் அவள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

பணிப்பெண் முன்னால் போனாள். குனிந்து என்னவோ பேசினாள். திரும்பி வர நேரமானது.

“சார் வரலைன்னுட்டாரும்மா.”

“காசு கேப்பாங்கன்னு பயந்திருப்பாரு. சும்மாதான் மாத்திக்கறோம்னு சொன்னியாம்மா?”

பணிப்பெண் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தாள். தயங்கினாள்.

“மெஷின் உங்க ரெண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துலதாம்மா போட்டிருக்கு. சார்தான் காலைல காசு கட்டி முன்னாடி மாத்திக்கிட்டிருக்காரு.”

யாரோ தண்ணீர் கேட்டார்கள். பணிப்பெண் போய்விட்டாள்.

காசு கட்டி.

அவரா?

அவள் எழுந்தாள். பாத்ரூம் போகிறவள் மாதிரி முன்பக்கமாக நடந்தாள். பத்தாவது வரிசைக்கு வந்தபோது, நடைபாதையோர இருக்கையில் அவருடைய வழுக்கைத் தலை தெரிந்தது. அது முன் இருக்கையின் முதுகில் முட்டிக்கொண்டு கிடந்தது. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. வாயில் துண்டைத் திணித்திருந்தார். பக்கத்து இருக்கைப் பெண், முன்பின் தெரியாதவள், அவர் முதுகில் கை வைத்திருந்தாள்.

கால் முறிந்த மகளைப் பார்க்கப் போகிற அப்பா இப்படி அழமாட்டார்.

மாப்பிள்ளை நேற்று ஒரு தடவைகூட ‘அத்தைகிட்ட குடுங்க’ என்று கேட்கவில்லை. இன்று டாக்சி ஏறும்போது தெருவே வாசலில் நின்றது. அடுத்த வீட்டுக்காரி அவள் கையைப் பிடித்தவள் விடவே இல்லை. விமானம் ஏறப் போகிறவர்களை வேடிக்கை பார்க்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். வண்டிக்குள்ளிருந்து கையைக்கூட ஆட்டினாள்.

மகள் இல்லை.

இருக்கை ஒன்றின் விளிம்பைப் பற்றிக்கொண்டாள். யாரோ “என்னாச்சு?” என்றார்கள். ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

இன்னும் ஆறு வரிசைதான். போய் அவர் தோளைத் தொட்டால் போதும்.

ராத்திரி முழுக்க அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தார். அழவில்லை. பைஜாமாவை அவள் விரித்துக் காட்டியபோது, நாடாவை இழுத்துப் பார்த்து, “கெட்டியாத்தான் இருக்கு” என்றார். மகள் வீட்டு வாசல்வரைக்கும் அவளுக்கு ஒரு மகளை மிச்சம் வைக்க அந்த மனுஷன் துக்கத்தை ஒண்டியாய் இழுத்துக்கொண்டு வருகிறார். இந்த மூன்று மணி நேரம் மட்டும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடக்க முடியவில்லை.

அவள் திரும்பி நடந்தாள்.

இருபத்தாறாவது வரிசையில் உட்கார்ந்து, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்தாள். தடித்த மனிதர் ஒருமுறை பார்த்துவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும்வரை திருப்பவே இல்லை.

தரையிறங்கும் முன் அவள் பின்னால் போய் முகத்தைக் கழுவினாள். கண்களில் தண்ணீரை அடித்து அடித்துக் கழுவினாள்.

விமானத்தின் கதவருகே அவர் காத்திருந்தார். அவரும் முகம் கழுவியிருந்தார்.

“தூங்கினியா?” என்று கேட்டார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

“நல்லாத் தூங்கிட்டேங்க,” என்றாள்.