கையெடுத்த குற்றம்

இசக்கியம்மன் கோயிலைத் தாண்டும்போது ஹேண்டில்பாரிலிருந்து கையெடுத்துக் கும்பிட்டதற்காக ஆட்டோக்காரர் சுடலைமணிக்கு அதில் போக்குவரத்துத் துறை புதிதாகப் பொருத்திய பேசும் கருவி இதுவரை நாலு அபராதம் போட்டிருந்தது. முப்பது வருஷப் பழக்கம், புத்தி மறந்தாலும் கை மறக்காது. இன்று காலை பத்து மணிக்குள் கட்டாவிட்டால் ஆட்டோ தானாக நின்றுவிடும். ஒன்பதே முக்காலுக்கு, மனைவி பேச்சித்தாயை டயாலிசிஸுக்கு ஏற்றிப் போய்க்கொண்டே, அவர் ஹேண்டில்பாரிடம் கெஞ்சினார்.

"ஐயா, ஒரு வாரம் மட்டும் டயம் குடுங்க. வீட்ல சொகமில்ல. அவளுக்காகத்தான் கும்பிட்டேன்."

"காரணம் பதியப்பட்டது. காத்திருக்கவும்" என்றது ஹேண்டில்பாரின் குரல்.

ஆஸ்பத்திரிக்கு இன்னும் நாலு கிலோமீட்டர். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கக்கூட அவர் கையை எடுக்கவில்லை.

"ஏழு நாள் அவகாசம் வழங்கப்பட்டது."

"ரொம்ப நன்றிங்கய்யா! நீங்க நல்லா இருக்கணும்!" சுடலைமணி இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

ஹேண்டில்பாரில் சிவப்பு விளக்கு எரிந்தது. "ஐந்தாவது குற்றம். அவகாசம் ரத்து."

ஆட்டோ தானே ஓரங்கட்டி நின்றது. எவ்வளவு முறுக்கியும் அசையவில்லை. பின்சீட்டில் பேச்சித்தாய் வீங்கிய காலை மெல்ல நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"இப்பக் கும்பிடுங்க," என்றாள். "கை சும்மாதான இருக்கு."