துடிக்காத நெஞ்சுக்கு ஒரு பாட்டு

அந்த நடன கிளப்பில் ஆடுபவர்களின் நாடித்துடிப்பை அளந்து மெஷினே அடுத்த பாட்டைப் போட்டுவிடும். முப்பது வருடம் ஹவுஸ் மியூசிக் என்ற நடன இசையில் ஊறிய டி.ஜே. டெரன்ஸுக்கு மேடையில் சும்மா நிற்கிற வேலைதான்.

அன்று ஓரமாக உட்கார்ந்திருந்த வசுமதியிடம், "ஆடலியாம்மா?" என்றார்.

"எனக்கு வச்சிருக்கறது செயற்கை இதயம் சார். துடிக்காது, உள்ள ஒரு சின்னச் சக்கரம் சுத்திக்கிட்டே ரத்தத்தத் தள்ளும். நாடியே கிடையாது. மெஷின் கணக்குல நான் இல்ல."

டெரன்ஸ் மேடையேறி மெஷினை அணைத்தார். மேனேஜர் ஓடிவருவதைக் கண்டும் காணாததுபோல், பழைய வழக்கப்படி கால்களைப் பார்த்துத் தானே பாட்டுகளைப் போட்டார். ஒரு பாட்டுக்கும் வசுமதியின் கால் அசையவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டின் வேகத்தைக் குறைத்து, அதன்மேலேயே இன்னொரு பாட்டை மெல்ல இழைத்தார். செருப்பு நுனி தாளம் தட்டியது.

வசுமதி செருப்பைக் கழற்றி நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு எழுந்தபோது, டெரன்ஸுக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.