கேட் வருவதற்குள்

ஓசூர் சிப்காட் சாலையில் கம்பெனி பஸ் ஊர்ந்து போகிறது. மதிய ஷிப்டுக்காரர்களின் மடியில் ஜன்னல் வெயில் சதுரமாக விழுந்து ஆடுகிறது. ஆலைக்குள் போனுக்கு அனுமதி இல்லை என்பதால் கடைசி சீட்டில் ஒரே அவசரம். "கேட்டு வர்றதுக்குள்ள புளூடூத்த ஆன் பண்ணுடா," என்கிறான் ஒருவன். போன்கள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. ஒவ்வொரு திரையிலும், விடுதி அறையில், நைட்டியோடு, தலைக்குக் குளித்த ஈரத்துண்டு அவிழ அவிழ சரிதா ஆடுகிறாள். ஒருவனுக்கும் கூச்சமில்லை. முன் சீட்டில் இருக்கும் சரிதா திரும்பிப் பார்க்கிறாள். "என்னக்கா, என்னப் பாத்தே சிரிக்கிறாங்க?" பக்கத்தில் பொற்கொடி அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடி சுற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டாக அந்த ஆட்டத்தைப் படம் பிடித்தவள் அவள்தான். தன்னைக் கட்டிக்கொள்வதாகச் சொல்லும் சுரேந்தருக்கு மட்டும்தான் அனுப்பினாள். பார்த்ததும் அழித்துவிடுவதாகச் சொன்னான். இப்போது பின்னாலிருந்து அவன் சிரிப்பும் கேட்கிறது. "ஒண்ணுமில்ல சரிதா. நீ வெளிய பாரு." அக்கா சொல்லை நம்பி அவள் வெளியே பார்க்கிறாள். அன்று ஆடிய அதே பாட்டை முணுமுணுக்கிறாள். செருப்பு நுனி தாளம் போடுகிறது.

பஸ் நிற்கிறது. செக்யூரிட்டி நீட்டும் பிளாஸ்டிக் டிரேயில் போன்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. சரிதாவின் போனில் கேமரா கிடையாது, டார்ச் மட்டும்தான். "கீறல் விழுந்துடும்ணா, மேல வெச்சுக்கறேன்," என்று சொல்லி, அதைத் துப்பட்டாவில் துடைத்து, தான் ஆடிக்கொண்டிருக்கும் அத்தனை போன்களுக்கும் மேலே பத்திரமாக வைக்கிறாள்.